ஜெர்மனிக்குப் போகவேண்டிய கொசுவலை

கீழ்பென்னாத்தூர் தம்பி ராமதாசுக்கு, திருவண்ணாமலையிலிருந்து உன் அக்கா காசியம்மாள் எழுதிக்கொள்வது.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நான் பாத்திரம் கழுவப் போன நேரம் பார்த்து, கட்டி வைத்திருந்த என் பெட்டியைத் திறந்து கொசுவலையை எடுத்துக்கொண்டு போனது தப்பு. நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன், சொல்லிவிட்டேன். இங்கே நான் நலம். அங்கே நீயும் தனமும் மாடு கன்றும் நலமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டுகிறேன். நீ போனை எடுக்காததால் இதை ஜெராக்ஸ் கடை மொஹ்சினிடம் கொடுத்தனுப்புகிறேன். சாயங்காலம் அவர் உங்கள் ஊர் வழியாகப் போகிறார்.

வெள்ளிக்கிழமை நான் ஜெர்மனிக்குப் போகிறேன். ரமணாசிரமத்துக்குப் பின்னால் இருக்கும் நம் வீட்டு மாடி அறையில் வருஷா வருஷம் மார்கழியில் வந்து தங்கிய உர்சுலாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகிவிட்டது. இனி அவ்வளவு தூரம் விமானத்தில் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவள் வரமுடியாது என்றால் நான்தானே போகவேண்டும். இதில் உனக்குப் புரியாதது என்ன? அவள் முதல் தடவை வந்தபோது கொண்டுவந்ததை நீயும்தான் பார்த்தாய். நீலக் கொசுவலை, தண்ணீர் வடிகட்டும் பாட்டில், பாஸ்போர்ட்டை வைத்து இடுப்போடு கட்டிக்கொள்ளும் பை, வயிற்றுக்கு மாத்திரை, கழுத்தில் ஒரு விசில். இது போதாது என்று நாலு ஊசி வேறு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். "இன்னாம்மா, சண்டைக்கா வந்திருக்க?" என்று கேட்டு நாம் இரண்டு பேரும் சிரித்தோம். தெரியாத ஊருக்குப் போகும்போது பயத்தையெல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், அப்புறம் கையை வீசிக்கொண்டு நடக்கலாம் என்றாள். அப்படித்தான் மலையைச் சுற்றி நடந்தாள். ஊருக்குத் திரும்பும்போது வலையை எனக்கே விட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து நான் அதற்குள்தான் தூங்குகிறேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது ஐந்தாவது வரைதான். மற்றதெல்லாம் வாடகைக்கு வந்தவர்களிடம் கற்றுக்கொண்டது, ஆனால் கற்றதை மறந்ததில்லை.

அதனால் நானும் ஒரு விசில் வாங்கி வைத்துக்கொண்டு முறையாகக் கிளம்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெர்மனிக்கு என்ன ஊசி என்று கேட்டேன். ஒன்றும் தேவையில்லை என்றாள் நர்ஸ். "நம்ம ஊருக்கு வர அவங்க நாலு ஊசி போட்டுக்கினு வராங்க, அவங்க ஊருக்குப் போக நமக்கு ஒண்ணுகூட இல்லையா? இதுல ஒரு நியாயம் வேணாமா?" என்று கேட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் வரைக்கும் பார்த்தார்கள், நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் பிரஷர் பார்த்தார்கள், ஜாஸ்தியாக இருந்தது. ஊசிக்குப் போனவளுக்கு மாத்திரை கிடைத்தது, ஆகவே போனது வீண் இல்லை. மாத்திரையைக் கைப்பையில் வைங்க, டாக்டர் சீட்டையும் கூடவே வைங்க என்று சொன்னவர் மொஹ்சின். பாஸ்போர்ட்டுக்கு மூன்று நகல் எடுத்துக் கொடுத்தவரும், இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். விபூதியைப் பொட்டலமாக வைத்தால் ஏர்போர்ட்டில் என்ன பவுடர் என்று கேட்பார்கள், நெற்றியிலேயே ஜாஸ்தியாகப் பூசிக்கொண்டு போங்கம்மா என்றும் சொன்னார். அவருக்கு இருக்கும் அக்கறை கூடப் பிறந்தவனுக்கு இல்லை.

போலீஸ் விஷயம் ஒன்று பாக்கி இருந்தது. இங்கே வெளிநாட்டார் தங்கினால் ஒரு நாளுக்குள் சி ஃபாரம் போட்டுத் தெரிவிக்க வேண்டும், நான் ஒரு தடவையும் தவறியதில்லை. அங்கே எனக்கு யார் போடுவது என்று உர்சுலாவைப் போனில் கேட்டேன். ஒரு மாசம் தங்குவதற்கு அதெல்லாம் வேண்டாம் என்றாள். நான் வந்திருப்பதே போலீசுக்குத் தெரியாத ஊரில் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? ஸ்டேஷனுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.

நீயோ, "அங்க கொசுவே கிடையாதுக்கா, ஏர்போர்ட்ல பொட்டியத் தொறந்தா சிரிப்பாங்க" என்றாய். சிரிக்கட்டும். நாமும் சிரித்தவர்கள்தானே. இங்கே ஒன்றும் ஆகாது என்று உர்சுலாவிடம் நாம் சொன்னோம், மூன்றாம் நாள் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். அசலூர் என்றால் யாருக்கும் அசலூர்தான்.

இது வரைக்கும் நீ கேலிக்காக வலையை எடுத்தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று உன் பெண்டாட்டி தனம் போனில் உண்மையைச் சொல்லிவிட்டாள். "வலை இல்லாங்காட்டி அக்கா கிளம்பாதுனு எடுத்தாந்துட்டாரு அண்ணி. அங்க அக்காவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த பஸ் ஏறிப் போய்ப் பாக்கறதுனு கேக்கறாரு. ராத்திரி சரியா சாப்பிடறதில்ல" என்றாள். ராமதாஸ், அந்த ஊருக்கு பஸ் இல்லை என்பது எனக்கும் தெரியும். அதற்காகத்தான் வலை, அதற்காகத்தான் மாத்திரை, அதற்காகத்தான் விசில். உன் பயத்தையும் சேர்த்துத்தான் அந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தேன். அதைத் திறந்துவிட்டாய் நீ.

ஆகவே நடக்கவேண்டியது இது. வலையை நான் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்து, நாளைக் காலை மொஹ்சின் திரும்பும்போது நீ உன் கையால் அவரிடம் கொடுக்க வேண்டும். தனம் வாரம் ஒரு தடவை இங்கே வந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, மோட்டாரை நிறுத்த மறக்காமல் போக வேண்டும். மாடிக்கு யாராவது தங்க வந்தால் சி ஃபாரம் போடுவது மொஹ்சின் பொறுப்பு. நீ மட்டும் வெள்ளிக்கிழமை வழியனுப்ப வரக்கூடாது. வந்து நின்றால் நான் பேசமாட்டேன்.

தனத்துக்கு என் ஆசீர்வாதம். உனக்கு, வலை என் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான்.

இப்படிக்கு,
காசியம்மாள்

பின்குறிப்பு: மொஹ்சினுக்காகக் காத்திருந்தபோது உர்சுலா போன் செய்தாள். நான் படுக்கப்போகும் கட்டிலுக்கு நீலத்தில் ஒரு கொசுவலை வாங்கி, அந்த முழங்காலோடு நாற்காலி மேல் ஏறி நாலு மூலையும் கட்டிவிட்டாளாம். "அங்கதான் கொசு இல்லையே" என்றேன். உனக்குத் தூக்கம் வரவேண்டுமே என்றாள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போயிருக்கிறாள். அவர்கள் சிரித்துவிட்டு, என் பெயரை எழுதி வாங்கிக்கொண்டார்களாம். எழுதியதை அடித்துத் திருத்தும் பழக்கம் எனக்கு இல்லை, ஆகவே மேலே உள்ளது அப்படியே இருக்கட்டும், ஆனால் நீ எதையும் செய்ய வேண்டாம். வலையை நீயே கட்டிக்கொள், உன் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால். ஒரு மூலையில் உர்சுலா தைத்த தையல் இருக்கிறது, பிரித்துவிடாதே. பெட்டியில் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது, தனத்தை வேர்க்கடலை உருண்டை பிடிக்கச் சொல். வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே இரண்டு பேரும் வந்துவிடுங்கள். வலை இல்லாமல் நான் கிளம்புவதை நீ கண்ணால் பார்க்க வேண்டும்.