அருட்பிரகாசம் பொயிலரைப் பொருத படலம்

வாழ்க அருட்பிரகாசம்! பனிநாட்டுக் கோலியர்ஸ் வுட் கொற்றவன், பெற்றோல் நிலையத்து நெடுங்காவலன், யாழ்ப்பாணத்து இறைப்பு மெசின்கள் யாவும் தன் திருப்புளியைக் கண்டு நடுங்கினவெனத் தன் வாயாலேயே முழங்கும் தனிப்பெருந்தகை, கம்பளிச் சட்டை மூன்றைக் கவசமாகப் பூண்டு, தொண்ணூற்றொன்றாம் ஆண்டின் மாசிப் பனியிலே, அடுக்களையாம் குசினியின் சுவரில் வெண்தகர மேனியோடு வீற்றிருந்த, வீட்டைச் சூடாக்கவேண்டிய பொயிலர் என்னும் கொடும்பகைவனோடு பொருத கதையைச் சொல்லப் புகுகிறோம். கலைமகளே, சொல்லி முடிக்குமட்டும் எங்கள் நாக்கு விறைக்காமல் பார்த்துக்கொள் தாயே!

அப்பகைவனோ மகா கள்ளன். அடிவயிற்றில் சிறு நீலச்சுடர் ஒன்றை மட்டும் அணையாது வைத்துக்கொண்டு, பெருநெருப்பை மூட்டமாட்டேன் என்று அடம்பிடித்தான். ஞாயிறு தொடங்கி வீடு விறைத்தது. தேங்காயெண்ணெய் போத்தலுக்குள்ளே கல்லாயிற்று. பிள்ளைகள் கையுறையோடு புட்டுத் தின்றார்கள். ஆள் கூப்பிடுவோம் என்று சொன்னவர்களுக்கெல்லாம், "மெசினையே கழட்டிப் பூட்டினவன் நான், உந்தத் தண்ணிப்பானைக்கு ஆள் வேணுமோ?" என்று வீரன் கர்ச்சித்தான். கர்ச்சிக்கையில் வாயால் புகை வந்தது.

நாலாம் நாள், இல்லத்தரசி தவமலர் தன் இறுதிச் சாசனத்தைப் பிரகடனம் செய்தாள்.

"இஞ்சேருங்கோ, பொழுதுபடமுன்னம் வீடு சூடாகேல்லையெண்டால் நான் பிள்ளையளோடை ரெய்னர்ஸ் லேனுக்கு அண்ணை வீட்டை போறன். திருத்திப்போட்டு வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

ஐயகோ! அண்ணை எனப்பட்டவர் பாலேந்திரா. அறைக்கு அறை அனல் பறக்கும் மாளிகையின் அதிபதி, கலியாண வீடுகளில் நாலுபேர் முன்னிலையில், "என்ன மச்சான், இன்னும் பெற்றோல்தானோ?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கும் நில்லாத பெருவாய் வள்ளல். அவர் வாசலிலே போய்ப் பெண்சாதியைத் தாவென்று கேட்டு நிற்பதா? அதிலும் பனியில் கிடந்து மாள்வது மேலென்று வீரன் நெஞ்சம் கொதித்தது. அன்று அவ்வீட்டில் கொதித்தது அது ஒன்றுதான்.

எழுந்தான், ஸ்பனர் எடுத்தான், முதற்கண் வரவேற்பறையில் சூடு பரப்பும் ரேடியேற்றரின் காதைத் திருகினான். அதுவோ தன் வயிற்றிற் பன்னாள் தேக்கிய கருநீரையெல்லாம் அவன் திருமுகத்தில் உமிழ்ந்து அவனை அட்டக்கரியாக்கியது. அஞ்சினானா? அஞ்சவில்லை, தும்மினான். பொயிலரின் மணிக்கூட்டை முன்னுக்குத் திருப்பினான், பின்னுக்குத் திருப்பினான், ஆளிகளைப் போட்டான், நூர்த்தான், பகைவனின் பரம்பரையையே இழுத்து வைதான். நீலச்சுடர் அவனைப் பார்த்துக் கண் சிமிட்டியது.

தவமலரோ நடைவழியில், சென்ற ஞாயிறு வீரனே தன் கையால் ஆணியடித்து ஏற்றிய, அன்று முதல் விளக்கு அணையாத சாமித்தட்டின் முன் நின்றாள். குசினியில் ஒவ்வொரு தோல்விச் சத்தம் கேட்கும்போதும் விளக்கில் ஒரு திரியைக் கூட்டினாள். "பிள்ளையாரப்பா, இந்த மனிசனை நம்பிப் பிரயோசனமில்லை, நீயாவது பார்." ஐந்து முகமும் சுடர்விட்டன. வீடு இன்னும் குளிர்ந்தது.

பொழுது சாய்ந்தது. பிள்ளைகளுக்குச் சப்பாத்துப் போட்டாயிற்று. அவ்வேளை தொலைபேசி அலறியது. ரொறன்ரோவில் வீரனின் சித்தப்பா மகனுக்கு ஆண்குழந்தை! பங்காளி வீட்டில் பிள்ளை பிறந்தால் துடக்கு என்னும் தீட்டு. துடக்கு வீட்டில் சாமிவிளக்கு எரியலாகாது. "ஐயோ, துடக்கு!" என்று பதறிய தவமலர் விளக்கை நூர்த்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

அங்கே குசினியில், சகல அஸ்திரங்களும் இழந்த வீரன், தன் வலதுகாற் சப்பாத்தைக் கழற்றி, குலதெய்வத்தை நினைந்து, பகைவனின் நெற்றியில் ஓங்கி அறைந்தான். பகைவன் "உஸ்" என்றான். பின்பு "குபீர்" என்றான்! பெருநெருப்பு மூண்டது, குழாய்கள் முழங்கின, ரேடியேற்றர்கள் மூச்சுவிட்டன.

"தவம்! அடி போனை உன்ரை கொண்ணைக்கு! அருட்பிரகாசம் வெண்டிட்டான் எண்டு சொல்லு!"

அவளும் அடித்தாள். பாலேந்திரா எடுத்தார். றிசீவர் கையிலிருக்க, தவமலரின் கண் சாமித்தட்டுக்கு நேர்மேலே சுவரிலிருந்த சிறு வட்டப்பெட்டியிற் பட்டது. தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுவென்றிருந்தது.

"உந்தப் பெட்டியெல்லோ வீட்டுச் சூட்டைப் பார்த்துப் பொயிலரை மூட்டுறது? விளக்குச் சூட்டிலை வீடே அவியுதெண்டு நினைச்சு இத்தனை நாளும் மூட்டாமல் இருந்திருக்கு! இதுக்குக் கீழை தட்டை அடிச்சது ஆர்?"

பதில் றிசீவருக்குள்ளிருந்து வந்தது; ரெய்னர்ஸ் லேன் முழுதும் கேட்கத்தக்க அட்டகாசச் சிரிப்பாக வந்தது. கரி வழிந்த முகத்தோடு, ஒற்றைச் சப்பாத்தோடு நின்ற வீரன், "விடடி, தட்டை இப்பவே கழட்டி எறியிறன்!" என்று பாய்ந்தான்.

"துடக்கோடை நீங்கள் சாமித்தட்டிலை கைவைக்கேலாது" என்றாள் தவமலர்.

சனிக்கிழமை, துடக்கில்லாத பாலேந்திரா வந்து, தட்டைக் கழற்றி எதிர்ச் சுவரில் அடித்துக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுப் போனார்.