கேத வீட்டில் துப்பறிந்த மாப்பிள்ளை

வெளிநாட்டுக்குப் போன பையன் கெட்டுப்போவதற்கு எங்கள் ஊரில் சில காரணங்களைத் தயாராக வைத்திருப்பார்கள். குடி, சீட்டு, சேர்க்கை. நான் கெட்டுப்போனது இங்கிலாந்துக் கிராமங்களால். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. (நான் இங்கிலாந்துக்குப் போனதே இல்லை என்பது வேறு விஷயம்.)

மஸ்கட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர் வேலை. வெள்ளிக்கிழமை லீவு, வெளியே தலைகாட்ட முடியாத வெயில். கூடத் தங்கியிருந்தவன் வேலை மாறிப் போகும்போது தன் டிவியையும் அதிலிருந்த ஓடிடி கணக்கையும் எனக்கு விட்டுப் போனான். இருந்த தமிழ்ப் படங்களையெல்லாம் பார்த்து முடித்து, சும்மா ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் அந்தப் பச்சை கண்ணில் பட்டது.

சின்ன ஊர். ஓயாத தூறல். கல் வீடுகள், வாசலெல்லாம் பூ, சைக்கிளில் போகும் பாதிரியார். எல்லோரும் எல்லோரிடமும் அவ்வளவு மரியாதையாகப் பேசுவார்கள். வாரத்துக்கு ஒருவர் கொலையாவார். கொலை எனக்கு முக்கியமாகவே படவில்லை. திரையை இழுத்துவிட்ட அறையில் ஏசியைக் கூட்டி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்த மழையைப் பார்ப்பேன். பாதி தூக்கம், பாதி விழிப்பு. துப்பறிபவர் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும்போது கண் செருகும். விழித்தால் வேறு ஊர், வேறு பிணம், அதே தூறல்.

அங்கிருந்து ஆஸ்திரேலியத் தொடர்களுக்குப் போனேன். அங்கே மழை இல்லை. செம்மண், ஆளில்லாத ரோடு, இரண்டு பக்கமும் தைலமரம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டை. நம் பக்கத்துத் தைலமரங்களுக்குப் பூர்வீகமே அந்த நாடுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். போலீஸ்காரர் ஜீப்பை நிறுத்தி அந்த மரங்களுக்கு நடுவே இறங்கி நிற்பார். அவருக்குப் பின்னால் சித்தப்பாவின் டிவிஎஸ் வண்டி வரும் என்று காத்திருப்பேன். வராது. எனக்குக் கண் கலங்கிவிடும். (கொலைத் தொடர் பார்த்து ஊர் நினைப்பில் அழுதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.)

இந்த நிலையில்தான் கல்யாணத்துக்கு லீவு கிடைத்தது. பெண் கவிதா, கறம்பக்குடி. புதுக்கோட்டையில் ஒரு பள்ளியில் டீச்சர். வீடியோ காலில் பார்த்துப் பேசி, இரண்டு வீட்டுக்கும் பிடித்து, உறுதி செய்வது மட்டும்தான் பாக்கி. எனக்கு அவளை ரொம்பவே பிடித்துப்போயிருந்தது. அந்தச் சமயம் பார்த்து அவளுடைய பெரியப்பா இறந்துபோனார். வெகுநாளாகச் சர்க்கரை, இருதயமும் பழுது. நான் ஊர் வந்து இறங்கியபோது அடக்கம் முடிந்திருந்தது.

“கட்டிக்கப் போற வீடு. கேதத்துக்குப் போயித் தலையக் காட்டலேன்னா நல்லாருக்காது” என்றாள் அம்மா. “கையப் புடிச்சுட்டுப் பேசாம ஒக்காந்துட்டு வா. அங்க போயி கனவு கண்டுக்கிட்டு நிக்காத.”

அம்மாவுக்கு என்னைத் தெரியும். ஆனால் பஸ் தைலமரங்களுக்கு நடுவே போனது. முதல் நாள் பெய்த மழையில் இலை வாசம் ஜன்னல் வழியாக ஏறியது. நான் எந்த ஊரில் இறங்க வேண்டும் என்பதைவிட, எந்தத் தொடருக்குள் இருக்கிறேன் என்பதே எனக்குக் குழப்பமாக இருந்தது. கறம்பக்குடியில் இறங்கும்போது நடைகூட மாறியிருந்ததாக ஞாபகம்.

கேத வீட்டில் ஒரு முறை உண்டு. போகிறவர் கையைப் பிடித்துவிட்டு உட்கார்ந்து, எப்படி ஆச்சு என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர்கள் முதலிலிருந்து சொல்வார்கள். அடுத்த ஆள் வந்ததும் மறுபடி முதலிலிருந்து. அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் துக்கம் ஆறும். கேட்பவர் நடுநடுவே ‘ம்’ போட்டு, கடைசியில் நல்ல சாவு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் உற்றுக் கேட்பதில்லை.

நான் உற்றுக் கேட்டேன். கேட்கக் கேட்க, ஒவ்வொருவர் சொல்வதும் கொஞ்சம் மாறியது. மத்தியானம் பசிக்கவில்லை என்று சாப்பாட்டை ஒதுக்கிவிட்டார் என்றார் கவிதாவின் பெரியம்மா. காலையில் என்ன சாப்பிட்டார் என்ற இடம் வந்ததும் மூக்கைச் சிந்தினார். கவிதாவின் அப்பா, தான் வெளியே போயிருந்ததாக முதலில் சொன்னார். அடுத்து வந்தவரிடம் பக்கத்திலேயே இருந்ததாகச் சொன்னார். எனக்குள் அந்த ஜீப் வந்து நின்றது. போலீஸ்காரர் இறங்கினார்.

“கடைசியா அவருக்குச் சாப்பிடக் குடுத்தது யாரு?” என்று கேட்டேன்.

காபித் தட்டோடு வந்த கவிதா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை என்றார் அவள் அப்பா. அப்போதாவது நான் உட்கார்ந்திருக்கலாம். நான் எழுந்தேன். (கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன் என்கிறார்கள். மறுப்பதற்கில்லை.) ஓரத்தில் அவர் படுத்திருந்த இரும்புக் கட்டில் கிடந்தது. அதன் குழாய்க் காலில் எறும்பு சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது.

“சுகர்காரர் படுத்த கட்டில். வீட்டையும் கழுவி விட்டாச்சு. எறும்புக்கு இங்க என்ன வேல?”

தொடராக இருந்தால் இந்த இடத்தில் ஒருவர் உடைந்து அழுது உண்மையைச் சொல்வார். இங்கே பின்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த உறவுக்காரர் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“சுகர்காரவுக மூத்திரத்துக்கு எறும்பு வரத்தான தம்பி செய்யும்.”

யாராவது சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, போன மனுசன் மானத்தையும் வாங்கிட்டாகளே என்று அழுதார். கவிதா தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். அவள் அப்பா என் தோளைத் தொட்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்புங்கள் என்று தன்மையாகச் சொன்னார். அந்தத் தன்மைதான் என்னைக் கொன்றது.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. எழவு வீட்டில் குற்றம் கண்டுபிடிக்கிற மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா திட்டவில்லை. எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அந்த வாரம் முழுக்க நான் படுத்தே கிடந்தேன். கண்ணை மூடினால் தூறல் வரவில்லை. காபித் தட்டோடு கவிதாதான் நின்றாள். வெட்கமாக இருந்தது. அதைவிட, அவளை இழந்துவிட்டேன் என்பது வலித்தது.

ஒரு சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

“எறும்பு அதுக்கு வரலங்க” என்றாள்.

பெரியப்பா இறந்த அன்றைக்குப் பள்ளி விட்டு வரும்போது அவள் புதுக்கோட்டை பேக்கரியில் முட்டை மாஸ் வாங்கி வந்திருக்கிறாள். முட்டையும் சர்க்கரைப் பாகுமாக, வாயில் வைத்தால் கரைகிற பண்டம். எங்கள் பக்கத்தில் அதற்கு மயங்காதவர் இல்லை. வாசம் பிடித்த பெரியப்பா, ஒரே ஒரு துண்டு என்று குழந்தை மாதிரிக் கெஞ்சியிருக்கிறார். கொடுத்தாள். அவர் தின்றுவிட்டு, பாகு ஒட்டிய பேப்பரைக் கட்டில் குழாய்க்குள் சொருகி வைத்துவிட்டார். விளக்கேற்றும் நேரத்தில் போய்விட்டார்.

“நாந்தான் கொன்னுட்டேனா? நீங்கதான கண்டுபிடிச்சீங்க, நீங்களே சொல்லுங்க.”

வாழ்க்கையில் அப்போதுதான் நான் முழுசாக விழித்திருந்தேன் என்று நினைக்கிறேன். தெரிந்த மாதிரி எதையும் அளக்கவில்லை. ஒரு மணி நேரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, மஸ்கட்டில் எங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரைப் போனில் பிடித்து, பெரியப்பாவின் உடம்பு விவரம் முழுவதையும் சொல்லிக் கேட்டேன். பிறகு அவளைக் கூப்பிட்டேன்.

“ஒரு துண்டு முட்டை மாஸ் ஆளக் கொல்லாதுங்க. அவரு நெஞ்சு முன்னாடியே ஓஞ்சு போச்சு. நீங்க குடுத்தது அவருக்கு ஒரு சந்தோசம், அம்புட்டுத்தான்.”

அவள் ரொம்ப நேரம் அழுதாள். நான் போனைக் காதில் வைத்தபடியே இருந்தேன். பெரியம்மாவிடமும் சொல்லிவிடுங்கள், அவர் அந்த மூத்திரப் பேச்சை நினைத்தே புழுங்கிக்கொண்டிருப்பார் என்று மட்டும் சொன்னேன்.

கருமாதி முடிந்த அன்று, சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, அவள் பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பெரியம்மா மெதுவாக, “காலைல நானும் ஒண்ணு குடுத்தேன்டி” என்றாராம். டவுனுக்குப் போன யாரிடமோ சொல்லி ரகசியமாக வாங்கி வைத்திருந்தது. கூடத்தின் மூலையில் துண்டை மடித்துக்கொண்டிருந்த கவிதாவின் அப்பா, சுவரைப் பார்த்தபடியே, மத்தியானம் அண்ணனுக்கு ஒன்று தானும் வாங்கி வந்து கொடுத்ததாகச் சொன்னார். தான்தான் கொன்றுவிட்டோம் என்று மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் செத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பெரியம்மாதான் முதலில் சிரித்தாராம். மத்தியானம் அவருக்கு ஏன் பசிக்கவில்லை என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. அந்த வீட்டில் அன்றைக்கு அழுகையும் சிரிப்புமாக வெகுநேரம் ஓயவில்லை என்று கவிதா சொன்னாள்.

மறுநாள் அவள் அப்பாவே போன் செய்தார்.

“மாப்ள, கேசு முடிஞ்சுபோச்சு. வீட்டுக்கு வாங்க.”

கல்யாணம் நடந்தது. இப்போது மஸ்கட்டில் வெள்ளிக்கிழமைகளில் அவளும் என்னோடு அந்தத் தூறலைப் பார்க்கிறாள், பாதியிலேயே தூங்கிப்போகிறாள். நான் எந்தக் கேத வீட்டுக்குப் போனாலும் சொந்தக்காரர்கள் நாற்காலியை நடுவில் போட்டு உட்கார வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் நழுவுகிறார்கள். அதெல்லாம் பழகிவிட்டது.

பெரியப்பாவின் திதிக்கு மட்டும் லீவு போட்டு வந்துவிடுகிறோம். படையல் இலையில் சோறு, கறி, நடுவில் முட்டை மாஸ். கற்பூரம் காட்டி எல்லோரும் வெளியே வந்து, போனவர் வந்து உண்ணட்டும் என்று கதவைச் சாத்திக் காத்திருப்போம். பெரியம்மா என் பக்கம் திரும்புவார்.

“மாப்ள, உள்ள போயி எறும்பு வந்துருச்சான்னு பாத்துட்டு வாங்க. வந்துருந்தா, அவுக சாப்ட்டாகன்னு அர்த்தம்.”

எல்லோரும் சிரிப்பார்கள். நான் போய் இலைக்கு முன்னால் மண்டியிட்டுக் குனிந்து பார்ப்பேன். பெரியம்மா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று கதவருகில் நிற்பார். வந்துவிட்டது என்றுதான் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன்.