மில்லிமீட்டர் மாப்பிள்ளை

பார்த்த மாத்திரத்தில் இன்னார் இன்ன ரகம் என்று நான் கணித்துச் சொன்ன மனிதர்கள் ஒரு லட்சம் பேர். சரி, கொஞ்சம் கூடிப்போயிற்று. நூறு பேர் இருக்கும். அந்த நூறில் ஒரு தனி இனம் உண்டு: வாங்கப்போகிறவர். வாங்குகிறவர் வேறு, இவர் வேறு. வாங்குகிறவர் கடைக்குப் போவார். இவர் போகப்போகிறார்.

நல்ல முற்றிய உருப்படி ஒன்று எங்கள் வீட்டிலேயே இருக்கிறது: என் மாப்பிள்ளை.

மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அபூர்வமாக ஒரு வாரம் லீவு கிடைத்தது. கப்பலில் வேலை பார்க்கும் தன் தம்பியோடு கணினியில் கார்ப்பந்தயம் ஓட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. அதுவும் சனிக்கிழமைக்குள்; ஞாயிறன்று அவன் கப்பல் ஏறிவிட்டால் ஆறு மாதம் ஆளைப் பிடிக்க முடியாது. அதற்காகவே ஒரு சின்னக் கணினியை மாப்பிள்ளை கோத்து முடித்துவிட்டார். ஒன்றே ஒன்றுதான் பாக்கி: படத்தைத் தடங்கலில்லாமல் ஓடவைக்கும் கிராபிக்ஸ் கார்டு.

கணினிப் பெட்டியோ செருப்பு டப்பா அளவு. ஊரில் பெரிய பெட்டிக்கா பஞ்சம்? இந்த இனத்துக்குக் குறுகலான சந்து ஒன்றைக் கண்டால்தான் லாரி ஓட்டத் தோன்றும்.

அதற்குள் எந்தக் கார்டு நுழையும்? ஒன்று மூன்று மில்லிமீட்டர் நீளம் அதிகம். ஒன்று நுழையும், ஆனால் மிக்ஸி மாதிரி இரையும். ஒன்று இரையாது, ஆனால் பந்தயக் காரை நத்தையாக்கிவிடும். எல்லாம் பொருந்திய ஒன்றைக் கண்டுபிடித்த அன்று, அடுத்த மாதம் இதைவிடச் சிறியது வரப்போகிறதென்று முகம் தெரியாத எவரோ எழுதியதைப் படித்துவிட்டு, அடுத்த பந்தியில்தான் இனிப்பு என்று கேள்விப்பட்டவர் போல எழுந்து வந்துவிட்டார்.

கார்டு வரவில்லை. அதன் மாதிரிகள் வந்தன. காலி மருந்துப் பெட்டிகளை ஒவ்வொரு கார்டின் அளவுக்கும் வெட்டி, ஒட்டி, கணினிக்குள் சொருகி, மூடி, திறந்து, தலையாட்டுவார். மொத்தம் ஒன்பது. எல்லாம் காகித அட்டை.

"இது எவ்ளோ கச்சிதமா உக்காருது பாரு."

"உக்காருதுங்க. ஓடுமா?" என்றாள் மகள்.

"அவசரப்பட்டா அப்புறம் நாமதான் வருத்தப்படணும்."

"தம்பி போன் பண்ணான். நாளைக்குச் சாயங்காலத்தோட சரியாம்."

"காத்தோட்டம் மட்டும் ஒரு தடவை பாத்துடறேம்மா."

சனிக்கிழமை மதியம் மகள் எதையும் அளக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அரை மணி நேரத்தில் ஒரு கார்டோடு திரும்பினாள். நீளம் சரி, தடிமன் கூடுதல். பெட்டியின் பக்கவாட்டு மூடி மூடவில்லை. கழற்றி ஓரமாக வைத்தாள். தம்பியை மூன்று பந்தயத்தில் மண்ணைக் கவ்வ வைத்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் குந்தி, மூடாத பக்கத்துக்கு அளவு டேப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சிரிக்காதீர்கள். புது மெத்தை வாங்குவதற்காக எத்தனை மாதமாய் விமர்சனம் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? பழைய மெத்தையின் பள்ளத்தில் படுத்துக்கொண்டுதானே?

எழுதியதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். மகள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மாப்பிள்ளை மரியாதையாக ஒரே ஒரு திருத்தம் சொன்னார்:

"அத்தை, நான் முதல்ல பெரிய பெட்டிதான் வாங்கிட்டு வந்தேன். 'என் அலமாரியில ஒரு புஸ்தகத்தையும் நகத்தாம அடங்கணும்'னு ஸ்கேல் வெச்சு அளந்து, வரிசையா நாலு பெட்டியைத் திருப்பி அனுப்பினது நீங்கதான்."