சனிக்கிழமை பஸ்ஸில் வந்த பிள்ளைகள்

குளச்சலில் பஸ் நின்றது. செல்வதாஸ் முதலில் தான் இறங்கினான். பிறகு மனைவி நேசபாயை இறக்கினான். பிறகு, கம்பளிச் சட்டையும் கம்பளித் தொப்பியும் கம்பளிக் காலுறையும் போட்டிருந்த ஆறு வயது மகள் சுகிர்தத்தை ஒரு மூட்டையைப் போல் தூக்கி இறக்கினான். அதைப் பார்த்ததும், வரவேற்க வந்திருந்த பொன்னுலிங்கத்தின் முகம் வாடிவிட்டது.

"இது யாரு ஓய்?"

"எனக்க மக."

"பிள்ளை உண்டுன்னு நீரு எழுதவே இல்லியே."

"இல்லைன்னும் எழுதலியே."

பொன்னுலிங்கம் கயிறு சேமித்து வைக்கும் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளை. செல்வதாஸுக்கு அங்கே குமாஸ்தா வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். குடியிருக்க வீடு பார்த்து வைத்தவரும் அவர்தான். இப்போது அவர் தலையைச் சொறிந்தார்.

"புருசனும் பெண்டாட்டியும் மட்டும்தான், பிள்ளைத் தொல்லை கிடையாதுன்னு வீட்டுக்காரி ராகேல் மாமிகிட்ட அடிச்சுச் சொல்லிப்போட்டேன். பிள்ளை இருக்கவங்களுக்கு அவ வீடு தரமாட்டா."

"ஏன்?"

"லேஸ் பின்னுதவ ஓய். முன்ன குடியிருந்தவனுக்க பய ஒருத்தன், துரைசாணிக்குன்னு மாசக் கணக்கா பின்னி வச்சிருந்த லேஸை உருவிக் கொண்டுபோய்ப் பட்டத்துக்கு வால் கட்டிட்டான். பட்டம் நல்லாப் பறந்துதாம். அன்னையோட மாமி வீட்டுல பிள்ளைன்னு பேச்செடுக்கப்படாது."

செல்வதாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைக்காகத்தான் அவன் இந்த ஊருக்கே வந்திருந்தான். பீருமேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் மூடுபனிக்குள்ளே பிறந்த பிள்ளை. ராத்திரியானால் நெஞ்சில் பூனைக்குட்டி அகப்பட்டுக்கொண்டதுபோல் இழுக்கும். 'மலையிலேயே வச்சிருந்தா அடுத்த மழைக்காலம் தாண்டாது, வெயிலும் கடல்காத்தும் உள்ள ஊருக்குக் கொண்டு போ' என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி சொல்லிவிட்டார். நல்ல உத்தியோகத்தை விட்டு, இருந்த பசுமாட்டை விற்று, 1934-ம் வருஷக் கார்த்திகை மாதத்தில் அவர்கள் மலையிறங்கினார்கள்.

"வேற வீடு கிடையாதா?"

"கயிறு திரிக்கத் தேங்காய்த் தொண்டு அழுகப்போடுத குளத்துக்கரையில ஒண்ணு உண்டு. சுவர் எப்பவும் நனஞ்சிருக்கும். மூக்கு இல்லாதவங்களுக்கு நல்ல வீடு."

ராகேல் மாமியின் வீட்டில் அவர்களுக்கான பாகம் மேற்குப் பார்த்திருந்தது. ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. முன்னறையில் உருட்டுத் திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு மாமி லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. கண் மட்டும் நிமிர்ந்தது.

"இந்தப் பிள்ளை யாரு?"

"இவளுக்க அக்காளுக்க மக," என்று செல்வதாஸ் மனைவியைக் காட்டினான். நேசபாய் வீட்டுக்கு ஒரே பெண். தனக்கு ஓர் அக்காள் இருக்கிற விவரத்தை அவள் அப்போதுதான் கேள்விப்பட்டாள். "எங்கள வழியனுப்ப வந்தா."

"பீருமேட்டுல இருந்து குளச்சல் வரைக்கும் வந்தா வழியனுப்புவாங்க?"

"பாசம் கூடுதல்."

"எப்ப போவா?"

"அடுத்த சனிக்கிழம பஸ்ஸுல."

செல்வதாஸ் பொய் சொல்லிப் பழகாதவன். புதிதாகச் சைக்கிள் பழகுகிறவன் மாதிரி, ஏறத் தெரிந்ததே தவிர அவனுக்கு இறங்கத் தெரியவில்லை.

அன்று முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்குப் பாடம் நடந்தது.

"இனி அப்பாவை சித்தப்பான்னு கூப்பிடணும் மக்ளே. அம்மையை சித்தின்னு."

"அப்போ அப்பா எங்க?"

"அப்பா பீருமேட்டுல."

சுகிர்தம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பா எப்ப வருவாரு சித்தப்பா?" என்று கேட்டாள். குரலில் உண்மையான ஏக்கம் இருந்தது. நேசபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

காற்று தன் வேலையைச் செய்தது. மூன்றாம் நாளே இழுப்பு தணிந்தது. பிள்ளை இரண்டாம் தடவை சோறு கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை, ராகேல் மாமி நடத்திய ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வேத வசனத்தைத் தப்பில்லாமல் சொல்லி, ஆட்டுக்குட்டி படம் ஒன்றும் பரிசாக வாங்கி வந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஆனால் புதன்கிழமை மத்தியானம் நேசபாய் ஓடிவந்து கிசுகிசுத்தாள்.

"மாமி பிள்ளைய நிறுத்தி வச்சு, தோளில இருந்து முட்டு வரைக்கும் நூல் பிடிச்சு அளந்தா. அளந்த இடத்துல ஒரு முடிச்சும் போட்டா."

"எதுக்கு?"

"ஆருக்குத் தெரியும். கேக்கவா முடியும்?"

சனிக்கிழமை வந்தது. சொன்ன வாக்குப்படி செல்வதாஸ் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நாகர்கோவில் பஸ்ஸில் ஏறினான். மாமி வாசல்வரை வந்து ஒரு பொட்டலம் அவலும் கொடுத்து அனுப்பினாள். நாகர்கோவிலில் முடிவெட்டுக் கடையில் சுகிர்தத்தின் சடை போயிற்று. துணிக்கடையில் ஒரு கால்சட்டை வந்தது. சாயங்கால பஸ்ஸில் இரண்டு பேரும் குளச்சலுக்குத் திரும்பினார்கள்.

"இது யாரு?" என்றாள் மாமி.

"அவளுக்க தம்பி. பேரு ஜேசுதாஸ். அக்கா கடலைப் பாத்துட்டா, நான் பாக்கலைன்னு ஒரே அழுகை. நாகர்கோவில் வரைக்கும் அப்பாகூட வந்திருந்தான். அவளை அங்க விட்டுட்டு இவனைக் கூட்டிட்டு வந்தேன்."

"அக்காளும் தம்பியும் ஒரே உயரமா இருக்கே."

"அவ வளரல."

"ரெண்டு பேருக்கும் ஒரே பல்லு விழுந்திருக்கு."

"குடும்பப் பல்லு."

நேசபாய் மகளின் மொட்டைக் கழுத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டாள். அக்காள் மகனைப் பார்த்த ஆனந்தம் என்று செல்வதாஸ் அதற்கும் விளக்கம் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் ஜேசுதாஸ் எழுந்து, போன வாரம் அக்காள் சொன்ன அதே வசனத்தைச் சொன்னான். அதே இடத்தில் மூச்சு வாங்கினான். மாமி ஆட்டுக்குட்டி படத்தை நீட்டினாள்.

"இது எனக்ககிட்ட ஒண்ணு இருக்கு," என்றான் ஜேசுதாஸ். "வேற தாங்க."

மாமி யானைப் படத்தைக் கொடுத்தாள். திங்கட்கிழமை மறுபடியும் நூலை எடுத்தாள். அளந்தாள். பழைய முடிச்சின்மேல் புதிய அளவு அச்சாகப் பொருந்தியது. "ம்," என்றாள்.

அந்த ஒரு 'ம்' செல்வதாஸின் சோற்றை இறங்கவிடாமல் செய்தது.

"ரெண்டும் ஒரே பிள்ளைன்னு சாட்சி சேத்து வைக்கா," என்றாள் நேசபாய். "நூலும் முடிச்சுமா கொண்டுபோய்ப் போதகர் முன்னால வைக்கப் போறா. பொறவு வீடும் போவும், மானமும் போவும். நமக்குத் தொண்டுக் குளம்தான்."

செல்வதாஸ் யோசித்தான். அவன் யோசித்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தும் தடுக்கவில்லை.

"அப்போ அடுத்த பிள்ளைக்கு அளவை மாத்தணும்," என்றான்.

"அடுத்த பிள்ளையா?"

மூலையில் யானைப் படத்தோடு உட்கார்ந்திருந்த சுகிர்தம் தலை தூக்கினாள். "அடுத்த வாரம் நான் யாரு சித்தப்பா?"

அந்தச் சனிக்கிழமை பஸ் கண்டக்டரே கேட்டுவிட்டான். "வாரா வாரம் பிள்ளையக் கொண்டு போறீரு, அதே பஸ்ஸுல திருப்பிக் கொண்டு வாறீரு. பஸ்ஸுக்கு ஏதும் நேர்ச்சையா ஓய்?"

சாயங்காலம் வந்து இறங்கியது ஒரு பெண்பிள்ளை. குண்டுப் பெண்பிள்ளை. பாவாடை சட்டைக்கு உள்ளே பீருமேட்டுக் கம்பளிச் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கை இரண்டும் உடம்போடு ஒட்டாமல் விரிந்து நின்றன.

"இது மலையில எனக்க கூட்டாளிக்க மக," என்றான் செல்வதாஸ்.

"பேரென்ன?"

இதை அவன் யோசித்து வைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, தினமும் வருகிற மீன்காரி வேளாங்கண்ணி கூடையோடு வாசலில் நின்றாள்.

"வேளாங்கண்ணி," என்றான்.

மீன்காரி சந்தோஷப்பட்டுப் பிள்ளைக்கு ஒரு சாளை மீன் இனாமாகக் கொடுத்தாள். மாமிக்கு அந்தச் சந்தோஷம் இல்லை.

"நம்ம சபையில ஏது வேளாங்கண்ணி?"

"அவங்க வேற சபை. அதான் முடியும் குட்டையா இருக்கு. நேர்ச்சைக்கு மொட்டை போட்டு முளைச்சது."

மாமி நூலை எடுத்தாள். பிள்ளையைச் சுற்றிப் பிடித்தாள். இரண்டு முனையும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை. மாமியின் முகம் கறுத்துவிட்டது. நூலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"தோத்துப்போனா," என்று செல்வதாஸ் கையைத் தேய்த்துக்கொண்டான்.

வெற்றி நெடுநேரம் நிற்கவில்லை. குளச்சல் வெயிலில் கம்பளிக்குள் இருந்த வேளாங்கண்ணிக்கு ஒரே நாளில் உடம்பெல்லாம் வேர்க்குரு பொரிந்தது. அவிழ்த்தால் மாமி பார்த்துவிடுவாள். போட்டிருந்தால் வியர்வை ஆறாகப் போனது. அந்த வியர்வை நெஞ்சிலேயே காய்ந்து, வியாழக்கிழமை விடியற்காலையில், பதினைந்து நாளுக்கு மேலாகக் காணாமல் போயிருந்த பூனைக்குட்டி பிள்ளையின் நெஞ்சுக்குள் மறுபடியும் லேசாக முனகியது.

செல்வதாஸ் எழுந்து உட்கார்ந்தான். மகளின் முதுகைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தான். பிறகு கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாக உரித்து எடுத்தான். வெங்காயம் உரித்ததுபோல் கண்ணில் தண்ணீர் வந்தது.

"இந்த மூச்சுக்காகத்தானே வந்தோம்," என்றான். "நான் போய்ச் சொல்லிப்போடுதேன்."

"வெளிய போன்னு சொன்னா?"

"போவோம். தொண்டுக் குளத்தைத் தவிர இந்தக் கடற்கரையில வேற இடமே இல்லியா என்ன. பள்ளிக்கூடத்துத் தாவாரத்துல கேட்டுப் பாப்போம். பொய்யைச் சுமந்து சுமந்து எனக்கே இழுப்பு வந்திரும் போல இருக்கு."

நேசபாய் அவன் சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். "நேராச் சொல்லுங்க. புதுசா ஆரையும் பிறக்க வச்சிராதிய."

வெள்ளிக்கிழமை காலையில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னறைக்குப் போனான். மாமி திண்டின் முன்னால் இருந்தாள். கட்டைகள் 'கிலுக் கிலுக்' என்று மாறிக்கொண்டிருந்தன. பக்கத்திலே வெள்ளை லேஸ் நுரைபோல் சுருண்டு கிடந்தது.

செல்வதாஸ் பயந்துபோய் மகளைப் பின்னால் இழுக்கப் பார்த்தான். அதற்கு முன்பே சுகிர்தம் கையை விடுவித்துக்கொண்டு, திண்டிலிருந்து ஓரடி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். யாரும் சொல்லாமலே செய்தாள். வெகுநாள் பழக்கம் உள்ளவள் மாதிரி நின்றாள்.

"இன்னைக்கு பூ வருமா மாமி?" என்று கேட்டாள்.

"இலைதான். பூ திங்கக்கிழம," என்றாள் மாமி, நிமிராமல்.

செல்வதாஸ் தொண்டையைச் செருமினான். "மாமி, ஒரு காரியம் பறையணும். நாளைக்கு சனிக்கிழம..."

"தெரியும். பஸ்ஸுக்குப் போணும்."

"அதில்ல மாமி. இந்தப் பிள்ள வந்து... அதாவது, வந்த பிள்ளைங்க எல்லாம்..."

"நீரு ஒண்ணும் பறய வேண்டாம். உமக்கு அது வராது." மாமி கட்டைகளை வைத்துவிட்டு எழுந்தாள். சுவரோரம் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, மேலே கிடந்த துணிகளை ஒதுக்கி, அடியிலிருந்து எதையோ எடுத்தாள்.

வெள்ளைச் சட்டை. சின்னச் சட்டை. கழுத்தைச் சுற்றி லேஸ், கையில் லேஸ், கீழ் விளிம்பு முழுக்க இலையும் பூவுமாக லேஸ். அதில் ஓர் ஓரம் மட்டும் இன்னும் பின்னாமல் பாக்கி இருந்தது. கதவுக்கு வெளியே நின்றிருந்த நேசபாய் தன்னை அறியாமல் உள்ளே வந்துவிட்டாள்.

மாமி சட்டையைச் சுகிர்தத்தின் தோளில் வைத்துப் பார்த்தாள். தோளிலிருந்து முட்டுவரை, முடிச்சுப் போட்ட இடத்தில் சரியாக வந்து நின்றது. கம்பளி இல்லாத இடுப்பில் கையை வைத்து அழுத்திப் பார்த்து, பெரிதாக மூச்சுவிட்டாள்.

"நாளைக்கு எந்தப் பிள்ளைய வேணும்னாலும் கூட்டிட்டு வாரும் மக்கா," என்றாள். "கிறிஸ்மஸ் வரைக்கும் பொம்பளப்பிள்ளையா வரச் சொல்லும், குண்டாகாம வரச் சொல்லும். சட்டையப் பிரிச்சுத் தைக்க இனி எனக்கு நேரமில்ல."