இன்னிக்கு என்ன பயறு, பாய்?

எச்சரிக்கை வாசகத்தை முதலில் மீறிப் பார்த்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து மொழிபெயர்க்கிற மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்கிறார். அவரும் காந்திபுரத்தில், செல்போன் உறை விற்கும் கடைக்கு மேல்மாடியில், என் எதிர் நாற்காலியில்தான் இருக்கிறார். அவருக்குப் பெயர் ஒன்று உண்டு என்று கேள்வி. நாங்கள் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. டீக்கடை முதல் முதலாளி வரை எல்லாருக்கும் அவர் சாம்பிள் பாய்.

எங்களுடையது மொழிபெயர்ப்பு அலுவலகம். மிக்ஸி, மோட்டார், மருந்து, எதனோடு எந்தத் தாள் வந்தாலும் தமிழாக்கித் தருவோம். பாய் மொழிபெயர்ப்பார், நான் பிழை திருத்துவேன். மற்றவர்கள் சந்தேகம் வந்தால் அகராதியைப் புரட்டுவார்கள். பாய் அந்தச் சாமானையே கொண்டுவரச் சொல்வார். "பட்டுப் பாக்காம எப்படீங்க அம்மணி எழுதறது?" என்பார்.

ஒரு முறை கிரைண்டர் கையேடு வந்தது. கம்பெனிக்காரரிடம் கெஞ்சி ஒரு கிரைண்டரை வாங்கி வந்து ஆபீசிலேயே மாவாட்டினார். 'வழக்கத்துக்கு மாறான சத்தம் வந்தால் நிறுத்தவும்' என்று ஒரு வரி. வழக்கமான சத்தம் எது என்று தெரிந்தால்தானே மாறான சத்தம் தெரியும்? கீழே டவுன் பஸ் இரைச்சல், மேலே கிரைண்டர் இரைச்சல். அந்த வாரம் ஆபீசில் எல்லார் வீட்டிலும் தோசைதான்.

கழுத்து வலிக்குக் கட்டும் பட்டைக்கான குறிப்பு வந்தபோது பட்டையைக் கட்டிக்கொண்டே வேலைக்கு வந்தார். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்திருக்கிறார்கள். வேலை முடிந்த பிறகும் ரொம்ப நாள் அந்த ஆராய்ச்சி பஸ்ஸில் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

இருமல் மருந்து கதைதான் உச்சம். 'இதைக் குடித்தால் தூக்கம் வரலாம்' என்று எழுத வேண்டும். பாய் ஒரு மூடி குடித்தார். மதியம் முழுக்க மேஜையில் தலைவைத்துக் குறட்டை விட்டார். நான் தட்டி எழுப்பியதும் கண்ணைத் திறக்காமலே, "'வரலாம்' இல்லீங்க அம்மணி, 'வரும்'னு திருத்திப்போடுங்க" என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான், நோயாளிகளைக் கேட்பதற்கான கால் வலிக் கேள்வித்தாள் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவர் ஆர்.எஸ்.புரத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா. முடக்குவாதம் பார்ப்பவர், சென்னையிலிருந்து வந்தவர். "இந்த நோய் பாதத்துல இருக்கிற சின்னச் சின்ன மூட்டுகளையெல்லாம் சத்தமில்லாம அரிச்சிடும். ஆரம்பத்திலேயே சொன்னா மருந்து குடுத்துக் காப்பாத்தலாம். விரல் கோணிட்டா அப்புறம் நிமித்த முடியாது. ஆனா உங்க ஊர்க்காரங்க எதைக் கேட்டாலும் பரவால்லீங்கன்னு சொல்றாங்க!" என்று அலுத்துக்கொண்டார். அவர் சொன்னது நியாயம்தான். எங்கள் ஊரில் 'பரவால்லீங்க' என்றால் நன்றாயிருக்கிறேன் என்றும் அர்த்தம், ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்றும் அர்த்தம்.

முதல் வரியே தகராறு. இந்தத் தொழிலில் ஒருவர் தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பது வழக்கம். பாய் 'கால் வலி' என்று எழுதினார். அது இடுப்புக்குக் கீழே உள்ள மொத்த உறுப்பாகத் திரும்பி வந்தது. 'பாத வலி' என்று மாற்றினார். அந்தப் புண்ணியவான் கோயில் தலபுராணமெல்லாம் மொழிபெயர்ப்பவர் போலிருக்கிறது, 'தங்கள் திருவடிகள் நோகின்றனவா' என்ற தோரணையில் திருப்பி அனுப்பிவிட்டார்.

"இதே மாதிரிக் கேள்வித்தாளைச் சீன மொழி பேசுற நோயாளிகளுக்கும் மாத்தியிருக்காங்க பாய். அங்கேயும் சில ஊர்ப் பேச்சுல இடுப்புல இருந்து பாதம் வரைக்கும் ஒரே சொல்தானாம்" என்று டாக்டரம்மா ஆறுதல் சொன்னார்.

பாய் முகம் மலர்ந்தது. "அப்ப அவியளும் நம்மாளுங்கதானுங்க."

மறுநாள் பாய் நொண்டிக்கொண்டே படியேறினார். பதறிப்போய்க் கேட்டேன். ஷூவுக்குள் பருப்பு போட்டிருக்கிறாராம். குத்தல், கடுப்பு, உளைச்சல் என்று வலியில் பல தினுசு இருக்கிறதே, நடந்து பார்த்தால்தானே எது எது என்று தெரியும்! உளுந்தில் ஆரம்பித்துப் பாசிப்பயறு, தட்டப்பயறு என்று படிப்படியாக உயர்ந்தார். காலையில் அவர் தலை தெரிந்ததும் ஆபீசே கேட்கும்.

"இன்னிக்கு என்ன பயறு, பாய்?"

"தட்டப்பயறுங்க. நாளைக்குக் கொண்டைக்கடலை."

அடுத்தது, நோயாளிகளிடம் கேட்டுப் பார்க்கும் வேலை. பாயும் நானும் கிளினிக்குக்குப் போனோம். சோமனூரிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். தறிக்குடோனில் நாளெல்லாம் நின்றே வேலை செய்பவர். டாக்டரம்மா கேள்வித்தாளைப் படித்தார். "உங்கள் பாதத்தில் வலி உள்ளதா?"

"இல்லீங்க."

"பாத வலியால் நடப்பதில் சிரமம் உள்ளதா?"

"இல்லீங்க, பரவால்லீங்க."

எல்லாவற்றுக்கும் இல்லை. நோயே இல்லாதவர் என்று முடிவுகட்ட வேண்டியதுதான். அக்கா எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே போனார். பாய் ஷூவுக்குள் பயறு நெருநெருக்கப் பின்னாலேயே நொண்டிக்கொண்டு ஓடினார். நானும் ஓடினேன்.

"ஏனுங்க அக்கா, செவுத்தப் புடிச்சுட்டுப் போறீங்க?"

"காலு நோவுதுங்க."

"இப்பத்தானுங்களே பாதம் வலிக்கிலீன்னு சொன்னீங்க?"

"பாதமெல்லாம் சாமிக்குங்க. நமக்குக் காலுதானுங்களே."

"சரிங்க, காலுல எந்த எடமுங்க?"

அக்கா கூச்சத்தோடு குனிந்து காட்டினார். "இந்தச் செருப்பு போடற எடந்தானுங்க. காலைல எந்திரிச்சா நெலத்துல ஊன முடியறதில்லீங்க."

"அதைய உள்ள சொல்லிப்போடலாமுல்லீங்க?"

"அந்தம்மா அத்தன மரியாதையா கேக்கறாங்க. மூஞ்சிக்கு நேரா நோவுதுன்னு எப்படீங்க சொல்றது?"

பாய் அக்காவைக் கையோடு உள்ளே அழைத்து வந்தார். அவருக்கு அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார்கள். பாய்க்கும் வார்த்தை கிடைத்துவிட்டது. 'செருப்பு போடும் இடம்.'

டாக்டரம்மா மிரண்டுபோனார். "செருப்பா? வயசானவங்களப் பாத்துச் செருப்புன்னு ஆரம்பிச்சா அதைக் கழட்டிட்டே வருவாங்க பாய்!"

"கடைசீல ஒரு 'ங்க' போட்டுக்கலாமுங்க. எங்கூர்ல 'ங்க' போட்டா எதைய வேணும்னாலும் கேக்கலாமுங்க."

அப்படித்தான் அந்த வரி உருவானது. 'செருப்பு போடற எடத்துல நோவு இருக்குதுங்களா?' எழுத்துத் தமிழுக்காகச் சம்பளம் வாங்கும் நான் அதில் கைவைக்கவில்லை. திருப்பி ஆங்கிலமாக்கியவரும் இந்த முறை திருவடியை விட்டுத் தரைக்கு வந்துவிட்டார். டாக்டரம்மா கேட்க ஆரம்பித்ததும், அதுவரை பரவாயில்லாமல் இருந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கழற்றிக் காட்டினார்களாம்.

வேலை முடிந்தது. அடுத்து இன்வெர்ட்டர் கையேடு வந்தது. பாய் மட்டும் இன்னும் நொண்டிக்கொண்டிருந்தார்.

"அதுதான் முடிஞ்சுதே. இன்னும் என்ன பயறு, பாய்?"

"மொச்சைங்க."

சிரித்தோம். பாய் எதையும் லேசில் விடுகிறவர் இல்லை என்று தெரியாதா? கழுத்துப் பட்டையை மறப்போமா?

ஒரு நாள் மழை வந்தது. பாய் வாசலில் கழற்றிப் போட்டிருந்த ஷூ நனைந்துகொண்டிருந்தது. உள்ளே எடுத்து வைக்கப் போனேன். மொச்சை ஊறி முளைவிட்டுவிடுமே என்று கவிழ்த்துத் தட்டினேன். மொச்சையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மெத்தென்று மடித்துத் தைத்த பனியன் துணி விழுந்தது. இரண்டு ஷூவிலும் இருந்தது.

வலி வேண்டும் என்று பயறு போடுகிறவன் மெத்தை ஏன் வைக்கிறான்? அந்தத் துணியோடு நேரே அவர் மேஜைக்குப் போனேன்.

"பாய், மொச்சை எங்கே?"

அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தட்டப்பயறோட நிறுத்திப்போட்டேனுங்க அம்மணி. எடுத்துப் போட்ட பொறவும் நோவு போகல. அதுக்கு முன்னயே கொஞ்சம் இருந்துச்சுங்க. பரவால்லீங்க."

வந்ததே எனக்குக் கோபம்! ஊர் வாயிலிருந்து பரவால்லீங்கவைப் பிடுங்க ஒரு கேள்வித்தாளே எழுதிய மனிதர் பேசுகிற பேச்சா இது? குடையைக்கூட எடுக்காமல் ஆட்டோ பிடித்து அவரைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். வழியெல்லாம் இன்வெர்ட்டரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா அன்பாகத்தான் கேட்டார். "எப்படி இருக்கீங்க பாய்?"

"பரவால்லீங்க. புள்ளிவச்ச எழுத்தெல்லாம் பிரிண்ட்ல சரியா வந்துச்சுங்களா?"

"கால் எப்படி இருக்கு?"

"சும்மா வயசுங்க."

பாயின் கால் விரல்கள் அதுவரை நேராகத்தான் இருந்தன. ஆனால் இந்த ஆள் இப்படியே பேசிவிட்டு எழுந்து போய்விடுவார், கோணிய பிறகுதான் மறுபடி வருவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் எதிரில் போய் நின்றுகொண்டேன். என் சொந்தத் தமிழை ஒதுக்கிவைத்துவிட்டு அவருடைய வரியை, ஓர் எழுத்து மாற்றாமல், கேட்டேன்.

"செருப்பு போடற எடத்துல நோவு இருக்குதுங்களா?"

பாய் அந்த வரியை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். மொழிபெயர்ப்பில் குற்றம் கண்டுபிடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"கேள்வி சரியாத்தானுங்க இருக்குது" என்றார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டே, "இருக்குதுங்க. காலைல ஊன முடியறதில்லீங்க" என்றார்.

அவருக்கும் சோமனூர் அக்காவுக்கும் ஒரே நோய்தான், ஒரே மருந்துதான். மாத்திரை அட்டையோடு வந்த தாளைப் படித்துவிட்டு, அதன் தமிழ் சரியில்லை என்று பாய் இரண்டு பக்கம் திருத்தி எழுதி டாக்டரம்மாவிடம் கொடுத்தார். மாத்திரையைத்தான் ஏற்கெனவே சாம்பிள் பார்த்துக்கொண்டிருக்கிறாரே!

இப்போது எங்கள் ஆபீசில் 'பரவால்லீங்க' என்ற சொல்லுக்குத் தடை. முதலாளி போட்டதல்ல, நான் போட்டது. தினமும் காலையில் படியில் அவர் சத்தம் கேட்டதும், "இன்னிக்கு என்ன பயறு, பாய்?" என்று கேட்பேன். "உளுந்துங்க" என்பார், நோவு கொஞ்சம்தான் என்று அர்த்தம். மழைக்காலமானால் "பாசிப்பயறுங்க" என்பார். சில நாள் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லீங்க அம்மணி, வெறுங்காலுதானுங்க" என்பார். அந்த நாட்களில் எனக்கு வேலை நன்றாக ஓடுகிறது.

தட்டப்பயறு என்று சொன்னால் அந்த நிமிடமே ஆட்டோ பிடிக்க நான் தயார். கடவுள் புண்ணியத்தில் அவர் இன்னும் பாசிப்பயறைத் தாண்டவில்லை.