பனைமரத்துக்குப் பின்னால் மூன்று சட்டைகள்

கடலைப் பார்க்காமலேயே கடற்கரையை அளந்து எழுதிக் கொடுத்தவன் நான். மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று மாதம், வில்லாபுரம் வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு. எழுபத்தொரு வயதில் செய்த தப்பு இது. அறியாத வயசு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

மிஷன் பள்ளியில் முப்பது வருடம் புவியியல் நடத்தியவன். அலை, ஓதம், கடலரிப்பு எல்லாவற்றையும் கரும்பலகையிலேயே முடித்துவிட்டேன். (ஓதத்தை வரைவதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை.) ஓய்வுக்குப் பிறகு, மதுரையில் ஒரு இயற்கை ஆர்வலர் குழு, கடற்கரையைக் கண்காணிக்கத் தொண்டர்கள் வேண்டும் என்றபோது முதலில் உயர்ந்த கை என்னுடையது. ராமநாதபுரம் தாண்டி ஒரு மீனவ ஊரில் அரை மைல் மணலை எனக்கு ஒதுக்கினார்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போய், சிவப்புக் கோடு போட்ட பனைமரத்திலிருந்து ஈர மணல் வரை டேப் பிடித்து அளக்க வேண்டும். போனதற்குச் சாட்சியாக, மரமும் கடலும் நம் முகமும் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். எந்தப் பருவத்தில் மணல் போகிறது, எப்போது திரும்புகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

ஜனவரியில் போனேன். மூன்று மணி நேரம் பஸ், பிறகு மினிபஸ், பிறகு மணலில் நடை. அதன்பின் ஒரு வாரம் என் முழங்கால்கள் என்னோடு பேசவில்லை. பிப்ரவரியில் கிளம்பும்போது பையில் கூடுதலாக மூன்று சட்டைகளை வைத்தேன்.

"கடலுக்குப் போறீகளா, கல்யாணத்துக்குப் போறீகளா?" என்றாள் என் மனைவி ஜெயராணி.

"உப்புக் காத்துல சட்டை பிசுபிசுங்கும்" என்றேன்.

அன்று முப்பத்தெட்டு மீட்டர். அளந்தேன், படம் எடுத்தேன். அதுவரை நான் யோக்கியன். பிறகு பனைமரத்துக்குப் பின்னால் போய்ச் சட்டை மாற்றி மாற்றி, வரப்போகும் மாதங்களுக்கும் படம் எடுக்க ஆரம்பித்தேன். மார்ச் மாதத்துக்கு நீலம். ஏப்ரலுக்குக் கட்டம் போட்டது. மே மாதத்துக்கு வெள்ளை. (கத்திரி வெயில் அல்லவா? திட்டமிடலில் குறை சொல்ல முடியாது.) வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போடும்போது, கொஞ்ச தூரத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள்தான் பிலோமினா, அந்த ஊர்ப் பெண்கள் குழுவின் தலைவி.

"என்னண்ணே, எம்புட்டுச் சட்டை கொண்டாந்திருக்கீக?"

"வேர்க்குது தங்கச்சி."

"நெசந்தான். மதுரைக்காரகளுக்கு ரொம்பத்தான் வேர்க்குது."

அடுத்த மூன்று பௌர்ணமிக்கும் வீட்டிலிருந்தே மாதத்துக்கொரு சட்டைப் படத்தை அனுப்பினேன். அளவுகளில் மட்டும், நிஜம்போல் இருக்கட்டும் என்று, அரை மீட்டரை ஏற்றி இறக்கினேன்.

ஜூன் தொடக்கத்தில் குழுவின் ஒருங்கிணைப்பாளர் கவிதா போன் செய்தார். "சார், உங்க இடத்துல மணல் அசையவே இல்ல சார்! அந்தப் பெண்களுக்குக் கருவாடு காயப்போட சிமெண்ட் களம் கட்டப்போறாங்க. பனைமரத்துக்கிட்டயா, மாதா கோயிலுக்குப் பின்னாடி மேட்டுலயான்னு ஒரே பேச்சு. உங்க அளவைப் பார்த்துட்டு பனைமரத்துக்கிட்டயே கட்டிரலாம்னு பஞ்சாயத்துல சொல்றாங்க. நாளன்னைக்குக் கூட்டம். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

வரப்போவது ஆடி. ஆடியில் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் அந்தக் கடல் எவ்வளவு தூரம் ஏறும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். களத்தைக் கட்டி, அதைக் கடல் கொண்டுபோனால், அந்தப் பெண்களுக்கு இன்னொரு களத்தை யார் கட்டித் தருவார்கள்?

பஸ்ஸில் கவிதா பக்கத்தில் உட்கார்ந்து என் அர்ப்பணிப்பைப் பாராட்டிக்கொண்டே வந்தார். மானாமதுரையில் டீயும் வாங்கித் தந்தார். பரமக்குடியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பரமக்குடி வந்தது, போனது. ராமநாதபுரமும் அப்படியே.

கூட்டத்தில் என்னை எழுப்பிவிட்டார்கள். நான் கோழை. சுற்றி வளைத்தேன்.

"கடலை முழுசா நம்பிற முடியாது" என்றேன்.

"படிச்சவுக பேச்சே தனி" என்றார் பஞ்சாயத்துத் தலைவர்.

"என் அளவுல தப்பு இருக்கலாம்" என்றேன்.

"எம்புட்டுப் பணிவு பாருங்க!" என்று கை தட்டினார்கள்.

நானாக உண்மையைச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எழுந்தது பிலோமினா.

"ஏண்ணே, மாசியில ஒரே நாள்ல மூணு சட்டை மாத்துனீகளே. அன்னைக்கப்புறம் ஒங்கள இந்தப் பக்கம் நான் பாக்கவே இல்லையே. பெறகு எப்ப வந்து அளந்தீக?"

கவிதா தன் போனைத் திறந்து மூன்று படங்களையும் வரிசையாகத் தள்ளிப் பார்த்தார். மூன்றிலும் ஒரே நாய், ஒரே இடத்தில், ஒரே மாதிரி காலை நீட்டிப் படுத்திருந்தது.

"அளக்கல" என்றேன். "வீட்ல உக்காந்து எழுதினேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை.

"ஆடியில அலை பனமரம் வரைக்கும் வரும்னு நாங்க சொன்னோம். 'நீ சும்மா இரு, சார் அளந்திருக்காரு'ன்னு எங்க வாய அடச்சுட்டாக. ஒங்க தாளுதாண்ணே அடச்சுச்சு."

முப்பது வருட வாத்தியார் வேலையில் என்னை யாரும் இப்படி நிற்க வைத்ததில்லை. களம் கோயில் மேட்டுக்கே போகட்டும் என்று அங்கேயே முடிவானது. மூன்று அளவுகளையும் அடித்து, 'நேரில் அளக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னை நீக்கிவிடச் சொன்னேன். "அதெல்லாம் முடியாது சார், போய் அளங்க. ஆனா இனிமே உங்க அளவுக்குக் கீழ பிலோமினாக்காவும் கையெழுத்துப் போடணும்" என்றார் கவிதா. திரும்பும் பஸ்ஸில் அவர் வேறு வரிசையில் உட்கார்ந்தார்.

ஆடிப் பௌர்ணமிக்குப் போனபோது பனைமரத்தின் வேரில் அலை அடித்துக்கொண்டிருந்தது. அளக்க மணலே இல்லை. முழங்கால் தண்ணீரில் நின்று 'பூஜ்யம்' என்று எழுதினேன். அப்படியும் டேப் பிடித்தே ஆக வேண்டும் என்று பிலோமினா மறுமுனையோடு நின்றாள்.

"என்னைய மன்னிச்சிரு தங்கச்சி" என்றேன்.

"டேப்பு தொய்யுது பாருங்க. நேராப் புடிங்கண்ணே" என்றாள்.

மன்னித்தாளா என்று இன்றுவரை தெரியாது. ஒரு மாதமும் தவறாமல் போகிறேன். இரண்டு முறை திரும்ப அளக்க வைத்தாள். அளவு சரியாக இருந்தால் மட்டும், ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவாள்.

போன வாரம் ரத்தப் பரிசோதனை முடிந்து வீட்டுக்கு வந்து, "சர்க்கரை எல்லாம் நார்மலா இருக்காம்" என்றேன். அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்காமலேயே ஜெயராணி கேட்டாள்:

"பிலோமினா கையெழுத்துப் போட்டுருச்சா?"