ஐம்பதில் நாற்பத்தொரு ஆப்பிள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சொல்லச் சொல்ல அவன் மனைவி எழுதுவது. கையெழுத்து இவளுடையது, தகவல் முழுவதும் என்னுடையது. இங்கே என் இடது பக்கம் பூரண நலம். வலது பக்கத்தைப் பற்றித்தான் செய்தி.

இன்று காலை பதினொன்றேகால் மணிக்கு, ஐம்பது ஆப்பிளில் நாற்பத்தொன்றைப் பிடித்தேன். ஆதாரம்: பிசியோதெரபி அறைச் சுவரில் மாட்டியிருக்கும் டிவி. நாற்பது வருடம் நிருபராக இருந்தவன் விசாரிக்காமல் ஓர் எண்ணைக்கூட எழுதமாட்டான் என்பது உனக்குத் தெரியும்.

பக்கவாதம் வந்த இந்த நாலு மாதமாக வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பயிற்சி கொடுக்கும் பெண் என்னை டிவி முன்னால் உட்காரவைத்து, "சார், இது வீடியோ கேம். கையில எதுவும் பிடிக்க வேண்டாம். நீங்க கையை அசைச்சா கேமரா பார்த்துக்கும். விழுற ஆப்பிளைக் கூடையில பிடிங்க" என்றாள். "என்னைப் பார்த்தா விளையாடற வயசாம்மா?" என்றேன். "முதல்ல பிடிங்க, அப்புறம் சொல்றேன்" என்கிறாள். முதல் வாரம் முழுக்க மூன்றைத் தாண்டவில்லை. ஒவ்வொரு ஆப்பிள் தரையில் விழும்போதும் உன் குரல்தான் காதில் கேட்டது. பழைய பேப்பரைக் கசக்கிச் சணல் சுற்றிப் பந்தாக்கி, இதே வீட்டு மாடிப்படி உச்சியில் நீ நிற்பாய், கீழே நான். நழுவவிட்டால் "கையாடா அது, சல்லடையா?" என்பாய். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் பந்து என் சட்டைக்குள் போய்விடும், நீ கணக்குப் புத்தகத்தைத் தலைகீழாக விரித்துக்கொண்டு உட்காருவாய். இரண்டாவது வாரம் இவளைத் துணைக்கு என் பின்னால் உட்காரச் சொன்னேன். இவள் வந்த நேரம், அன்றிலிருந்து ஏறுமுகம்தான். "இதையெல்லாம் எழுதணுமா?" என்கிறாள். எழுது என்றேன்.

வியாழக்கிழமை பரிசோதனை. தேறினால் வலது கைக்குப் பயிற்சி தொடரும், இல்லையென்றால் இடது கையோடு பழகிக்கொள்ளச் சொல்லிவிடுவார்களாம். நாற்பத்தொன்று பிடித்தவனுக்கு என்ன பயம்? அடுத்த மாதம் நீ வந்ததும் நேரே மாடிப்படி உச்சிக்குப் போ. பந்து தயார். பலமாகவே எறி.

அத்தானுக்கு இப்போதைக்கு என் இடது கையின் வணக்கம். வலது கை வியாழனுக்குப் பிறகு சேர்ந்துகொள்ளும்.

உன் சல்லடைக்கைத் தம்பி

பின்குறிப்பு: அண்ணி, இது நான். அவர் கவர் ஒட்டப் பசை தேடி உள்ளே போயிருக்கார். கேமரா பார்த்தது அவர் கையை இல்லை, என் கையை. அவர் நழுவவிடறப்பல்லாம் பதறிப்போய் நானும் பின்னால இருந்து கையை நீட்டிக்கிட்டே இருந்திருக்கேன். இன்னைக்குக் கிளம்பறப்பதான் அந்தப் பொண்ணு கண்டுபிடிச்சு, "ஆன்ட்டி, நாற்பத்தொண்ணும் நீங்க பிடிச்சது"ன்னு என் காதுல சொன்னா. அவர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலை. வியாழக்கிழமை நான் வெளியதான் உட்காருவேன். ஆனா ஒண்ணு, மாடிப்படியைப் பத்திச் சொல்லிட்டிருந்தப்ப மூக்குல இறங்கின கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கிட்டார். வலது கையால. அவருக்கே தெரியாது, நான் பார்த்தேன். மத்தது வியாழன் மத்தியானம் தெரியும். எதுக்கும் நீங்க பந்தைக் கொஞ்சம் மெதுவா எறிங்க, அண்ணி.